பதினான்கு சோடிச் செருப்பு

எனக்கு விடுப்பு கூட, மற்றவர்கள் கதையை அறியாமல் இருக்கமாட்டேன். இதை மறைத்துப் பிரயோசனமில்லை, என்னைத் தெரிந்தவர்கள் எப்படியும் சொல்லிவிடுவார்கள். அடுத்த வீட்டு வாசலில் புதிதாக ஒரு சைக்கிள் நின்றால், அது யாருடையது, எதற்காக வந்தது, எப்போது திரும்பிப் போகும் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. இத்தாலியில் இந்தப் பலேர்மோவுக்கு வந்த பிறகு கடவுள் பார்த்து என் குணத்துக்கு ஏற்ற வேலையைத் தந்தார். கடலோரத்துப் பெரிய ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை.

நகரம் முடிந்து மலையும் கடலும் நெருங்கி வருகிற இடத்தில் அந்த ஹோட்டல் இருக்கிறது. கோடையில் குளிக்க வருகிறவர்களால் அந்தக் கரையே நிரம்பி வழியும். பழைய காலத்துப் பணக்காரர் யாரோ கட்டியது. பித்தளைக் கம்பி போட்ட லிஃப்ட், நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்த பளிங்குப் படிகள், கூரையில் ஆடையில்லாத பெண்களின் படங்கள். முதல் மாதம் அந்தப் பெண்களைப் பார்க்க வெட்கப்பட்டுக் குனிந்தபடியே தூசி துடைத்தேன். பிறகு பழகிவிட்டது. இப்போது அவர்களில் யாருக்கு வர்ணம் உரிகிறது என்று முதலில் கண்டுபிடிக்கிறவளும் நான்தான்.

அறைக்காரர்கள் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. அவர்களுடைய குப்பைக் கூடை கதைக்கும். புருசனும் பெண்சாதியும் கோபமா, பிள்ளைக்கு வயிற்றோட்டமா, சாப்பாட்டு மேசையில் பசியில்லை என்றவர் அறைக்கு வந்து எத்தனை பிஸ்கட் தின்றார், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கூட்டத்தை மட்டும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. நகரத்து ஒப்பெரா தியேட்டரில் பாட வருகிற பாடகர்கள். அவர்களை எங்கள் ஹோட்டலில்தான் தங்கவைப்பார்கள். கடல் தெரிகிற அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். பிறகு கடற்காற்று தொண்டைக்கு ஆகாது என்று யன்னலை இறுக்கிச் சாத்தி வைப்பார்கள். கதிரைகளின் மேல் ஈரத் துவாய்களைப் போட்டு வைப்பார்கள். பகல் பன்னிரண்டு மணிவரை வாய் திறக்கமாட்டார்கள், தலையணை கூட வேண்டுமென்றால் கையால் காட்டுவார்கள். பாடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அரை நாள் ஊமையாக இருப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் கேள்வி வராது?

பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு வான் வந்து அவர்களைத் தியேட்டருக்கு ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் வீடு நகரத்துக்குள், சீசா என்கிற பகுதியில். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் என் பஸ் அந்தத் தியேட்டரைத் தாண்டித்தான் போகும். அதன் பின்பக்கத்துச் சந்துகளால் நடந்து கபோச் சந்தையில் மீனும் கத்தரிக்காயும் வாங்கியிருக்கிறேன். பதினாறு வருடத்தில் நான் அந்தக் கட்டிடத்தில் கண்டது தூண்களையும் படிகளையும் மட்டும். உள்ளே போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அங்கே என்ன வேலை என்று நானே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போது எங்கள் மாதா கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. தியேட்டரில் ஒரு புது ஒப்பெராவுக்கு எங்களைப்போல் முகச்சாயல் உள்ளவர்கள் பதினான்கு பேர் தேவை. பாடத் தேவையில்லை, கதைக்கத் தேவையில்லை, உடுப்பு அவர்களே தருவார்கள், மேடையில் நின்றால் போதும். அப்படி நிற்கிறவர்களை இத்தாலியர்கள் கொம்பார்சா என்பார்கள். நான் செய்தியை முழுதாக வாசிக்க முன்னமே என் பெயரைப் போட்டுவிட்டேன்.

எங்கள் மேல்மாடியில் இருக்கிற அக்கா யாழ்ப்பாணத்துக்காரி. சைவ சமயம். கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் சமையலும் துப்புரவும் பார்க்கிறா. நான் போகிறேன் என்று அறிந்ததும் அவவும் பெயரைப் போட்டா. போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தா.

"மூண்டு மணித்தியாலம் வாய் திறக்காமல் நிக்கோணுமாம். உன்னாலை ஏலுமே?"

"உங்களாலை ஏலுமெண்டால் என்னாலையும் ஏலும்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அடுப்படியில் நின்றபடி, "நடிப்பெண்டால் வீட்டிலை நடிக்கிறது காணாதோ?" என்று கேட்டார். அன்றைக்குத் தேங்காய்ப்பூ துருவுகிற வேலையை அவரிடமே விட்டேன்.

பிரச்சினை ஹோட்டலில்தான். எங்களுக்கு மேலே ஒரு கொவர்னாந்தே இருக்கிறா. எந்த மாடிக்கு யார், எந்த அறை முதலில் என்று பிரித்துக் கொடுப்பவ. ஹோட்டலில் தங்கியிருக்கும் ஆட்களோடு வெளியில் எந்தப் பழக்கமும் வைக்கக்கூடாது என்பது அவவின் சட்டம். அவர்களோடு ஒரே மேடையில் ஏறப்போகிறேன் என்றால் விட்டிருக்கமாட்டா. அதனால் ஒத்திகை நாட்களில் எனக்குப் பல்வலி வந்தது. முதலில் ஒரு கடைவாய்ப்பல், பிறகு அதற்குப் பக்கத்துப் பல், பிறகு மேல்வரிசை. நாலாவது முறை கேட்டபோது, "பாவம் நீ, உன் வாயில் இன்னும் எத்தனை மிச்சம்?" என்று உண்மையான கவலையோடு கேட்டா. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.

தியேட்டருக்குள் முதல் நாள் போனபோது ஏமாற்றமாக இருந்தது. எங்களைக் கொண்டுபோய் விட்டது மேடையில் அல்ல, பள்ளிக்கூட மண்டபம் போல ஒரு வெறும் அறையில். தரையில் நிற நிறமான ஒட்டுநாடா, அதுதான் ரேப், ஒட்டியிருந்தார்கள். மஞ்சள் ரேப்புக்கு உள்ளே கோயில், சிவப்பு ரேப் படிக்கட்டு, நீல ரேப் ஆறு. நாங்கள் எங்கள் சொந்தச் சப்பாத்துகளோடு, குளிர்ச் சட்டைகளோடு ஆற்றைத் தாண்டிப் படியேறிக் கோயிலுக்குள் போய் வந்தோம்.

கதை ஏதோ ஒரு கிழக்கு நாட்டில் நடப்பது. கோயிலில் ஒரு பூசாரிப் பெண், அவளைக் காப்பாற்ற ஓடிவருகிற ஒரு வீரன், கோபக்கார அரசன். எந்த நாடு என்று நெறியாளரிடம் கேட்டேன். "கிழக்கு" என்றார். அக்கா என் காதுக்குள், "கிழக்கெண்டால் எந்தப் பக்கத்தாலை?" என்று கேட்டா. நான் சிரித்ததற்கு எனக்குத்தான் பேச்சு விழுந்தது.

வீரனாகப் பாடியவர் என் மாடியில் கடைசி அறையில் தங்கியிருந்தவர். வடக்கு இத்தாலிக்காரர், உயரமானவர். கூடையில் எப்போதும் இஞ்சித் தோலும் எலுமிச்சைக் கோதும் கிடக்கும். இரவில் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை கட்டிக்கொண்டு படுப்பார் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் காலையில் அதைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்து மடித்து வைப்பது நான்தான். மேடையில் நான் விளக்கு ஏந்தி நிற்க வேண்டிய இடம் அவருக்கு ஒரு முழம் தள்ளி. காலையில் நான் வணக்கம் சொன்னால் தலையசைத்துப் பதில் சொல்கிறவர், பின்னேரத்தில் என் தோளுக்கு மேலால் கையை நீட்டிப் பாடினார். இரண்டு இடத்திலும் நிற்பது ஒரே பொம்பிளை என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பல்வலிக் கதை வெளிவராது என்று சந்தோசப்பட்டேன். அதே நேரம் கொஞ்சம் நொந்தும் போனேன். நான் அவரை அவ்வளவு பார்த்திருக்கிறேனே.

எங்களைப் பார்த்த ஒரே ஆள் மேடைச் சாமான்களுக்குப் பொறுப்பானவர். அறுபதை நெருங்கிய மெலிந்த மனிதர், கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், பலேர்மோக்காரர். என்னைப்போல அவருக்கும் விடுப்பு கூட. விளக்குத் திரியை எப்படித் திரிப்பீர்கள், எண்ணெய் எதுவரை விடுவீர்கள், ஒரு கையால் ஏந்துவதா இரண்டு கையாலா என்று எங்களைத் துருவித் துருவிக் கேட்டார். மேடையில் நெருப்பு கூடாதாம், அதனால் உள்ளே சின்ன பற்றரி வெளிச்சம் வைத்தார். ஆனால் திரி மட்டும் உண்மையான பஞ்சுத் திரியாக இருக்கவேண்டும் என்று என்னிடம் சொல்லிச் செய்வித்தார்.

"பார்க்க வருகிறவர்களுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து திரி தெரியாதே" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமே" என்றார். "நான் பிழையாகச் செய்தால் பதினான்கு பேர் மேடையில் நின்று மனதுக்குள் சிரிப்பீர்கள்."

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மேடையின் இரண்டு பக்கமும் திரைகளுக்குப் பின்னால், பாடகர்கள் இருட்டில் ஓடிவருகிற வழி ஒன்று உண்டு. அந்த வழியில் ஒரு குண்டூசி கிடந்தாலும் அவர்தான் பொறுப்பு. ஒவ்வொரு காட்சிக்கும் முன் சின்ன ரோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அதை நடந்து பார்ப்பார். "இந்த வழி வெறுமையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் என் தலை போகும்" என்று முதல் நாளே கையைக் கழுத்தில் இழுத்துக் காட்டினார்.

முதல் காட்சிக்கு இரண்டு நாள் முன்பு கடைசி ஒத்திகை. அது உண்மையான மேடையில், உண்மையான உடுப்பில், ஆட்களை உள்ளே விட்டு நடத்துவது. பின்னேரம் நாலு மணி. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வயதானவர்களும் வந்திருந்தார்கள். எங்களுக்கு மண்நிறத்தில் சேலை மாதிரி ஒன்றைச் சுற்றிவிட்டு, காலுக்குத் தோல் செருப்புத் தந்தார்கள். கனமான செருப்பு, நடந்தால் சத்தம் போடும். பக்கத்திரைக்குப் பின்னால் வரிசையாக நின்றோம். வரிசையில் நான் கடைசி.

அதுவரை ரேப்பாக இருந்த கோயிலை அன்றைக்குத்தான் கண்டோம். உண்மையான படிகள், தூண்கள், நடுவில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு சாமி. எந்தச் சாமி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாலு கை, மீசை, தலையில் தாமரை. பகல் வெளிச்சத்தில் கண்டிருந்தால் அக்கா ஒரு கிழமைக்குச் சொல்லிச் சிரித்திருப்பா. ஆனால் அரங்கில் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, அந்த ஒரு இடத்தில் மட்டும் மஞ்சளாக விட்டிருந்தார்கள். பித்தளை விளக்குகள் வரிசையாக மின்னின. அதற்குமேல் சாமான்களுக்குப் பொறுப்பான அந்த மனிதர், யாரும் சொல்லாமலே, உண்மையான சாம்பிராணி வாங்கிவந்து மேடைக்கு வெளியே ஒரு மூலையில் புகைய விட்டிருந்தார். அந்த மணம் எங்களிடம் வந்தது.

வரிசையில் முதலாவதாக நின்ற மேல்மாடி அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினா. அவவுக்குப் பின்னால் நின்றவவும் கழற்றினா. அடுத்து மன்னாரிலிருந்து வந்த ஒரு புருசனும் பெண்சாதியும். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை, ஒருவரையொருவர் பார்க்கவுமில்லை. நான் கத்தோலிக்கச்சி. ஆனால் எங்கள் ஊரில் மாதா கோயிலுக்கும் செருப்பை வெளியே விட்டுத்தான் போவோம். இங்கே வந்து சப்பாத்தோடு பூசை காணப் பழக எனக்கு வருடக்கணக்காயிற்று. என் முறை வந்தது. கழற்றிவிட்டு, விளக்கை ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு படியேறினேன். பலகைப் படி குளிர்ந்து இருந்தது நினைவிருக்கிறது. எவ்வளவு நல்ல படி என்று நினைத்தேன்.

எங்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் தந்திருந்தார்கள். என்ன நடந்தாலும் சாமியைப் பார்த்தபடி நில்லுங்கள், திரும்பாதீர்கள். வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஏறுகிற இடத்தில் வீரன் ஓடிவர வேண்டும். ஓடிவருகிற காலடி கேட்டது. பிறகு தடதடவென்று ஏதோ உருண்டது. பிறகு ஒரு மனிதர் விழுகிற சத்தம், ஒரு கெட்ட வார்த்தை. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாங்கள் பதினான்கு பேரும் சாமியைப் பார்த்தபடி நின்றோம். பின்னால் என்ன கிடக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

திரையை இறக்கினார்கள். பாடகரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனார்கள், கணுக்கால் சுளுக்கு. இருட்டில் செருப்புகள் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. ஆளுக்கு ஒரு சோடியைப் பொறுக்கிக் காலில் போட்டுக்கொண்டு ஒதுங்கினோம். எது யாருடையது என்று பார்க்க நேரமில்லை. மேடை முழுவதையும் நடத்துகிற ஒரு அம்மா உண்டு, எப்போதும் காதில் கருவியோடு நிற்பவ. அவ சாமான்காரரை நடுமேடையில் நிறுத்தி வைத்துக் கேட்டா.

"வழி ஏன் வெறுமையாக இருக்கவில்லை?"

"என் பிழை" என்றார் அவர்.

"நடந்து பார்த்தாயா இல்லையா?"

"என் பிழை."

நாங்கள் ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். பதினான்கு வாய் இருந்தது, ஒன்றாவது திறக்கவில்லை. நாளெல்லாம் அலம்புகிற என் வாயும் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஹோட்டலில் கடைசி அறைக்கு ஐஸ் கொண்டுபோகச் சொன்னார்கள். பாடகர் இரண்டு தலையணைக்கு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பன்னிரண்டு மணி ஆகவில்லை, ஆனாலும் கதைத்தார். கோபம் வந்தால் தொண்டையும் மறந்துபோகும்போல.

"யாரோ செருப்புகளை வழியில் போட்டுவிட்டான், சிஞ்ஞோரா. செருப்பு! ஒன்றல்ல, ஒரு குவியல். ஒரு கடையே. அதைப் பார்ப்பதற்கென்று சம்பளம் கொடுத்து ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள். நான் சொல்லிவிட்டேன், நாளைக்கு அந்த ஆள் பக்கத்திரைக்குப் பின்னால் நின்றால் நான் பாடமாட்டேன். நாளைக் காலை அவனை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள்."

நான் ஐஸைத் துவாயில் சுற்றினேன். அந்தக் குவியலின் கடைசிச் சோடி என்னுடையது. வரிசையில் கடைசியாகக் கழற்றியவள் நான், ஆகவே வழிக்கு நடுவில் நீட்டிக்கொண்டு கிடந்தது என்னுடையதாகத்தான் இருக்கும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் கொவர்னாந்தேக்குத் தெரியவரும். ஹோட்டலில் தங்கியிருக்கிற பாடகரை அறைவேலைக்காரி விழுத்தினாள் என்று ஆகும். பதினாறு வருடத்து வேலை.

"நீங்கள் எப்போதாவது அந்தத் தியேட்டருக்குப் போயிருக்கிறீர்களா?" என்று அவர் கேட்டார். கோபம் தணிந்து, ஏதோ பொழுதுபோக்காகக் கேட்டதுதான்.

"இல்லை" என்றேன்.

கட்டிலை விரித்தேன், துவாயை மாற்றினேன், கதவைச் சாத்தினேன். தாழ்வாரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

பின்னேரம் சீசாவில் எங்கள் படிக்கட்டில் அக்காவைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். நாளைக் காலை போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"உனக்கென்ன விசரே?" என்றா. "என்ரை பெர்மெஸ்ஸோ இப்ப கெஸ்தூராவிலை கிடக்கு, புதுப்பிக்கக் குடுத்திருக்கிறன். இந்த நேரத்திலை ஒரு முறைப்பாடு, ஒரு கடதாசி எண்டு வந்தால் என்ன செய்யிறது? மற்ற ஆக்களின்ரை நிலைமையும் அப்பிடித்தான். நீ வாயைக் குடுத்தால் பதினாலு பேரும் மாட்டுப்படுவம்."

"அந்த மனிசன்ரை வேலை போகுது அக்கா."

"அவர் இஞ்சத்தை ஆள். தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம், எப்பிடியும் சமாளிப்பார். நாங்கள் சமாளிக்கமாட்டம். வாயை மூடிக்கொண்டிரு, கேட்டியோ?"

"ஓம்" என்றேன். அவ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வதிவிட அனுமதிக்காகக் கெஸ்தூராப் பொலிஸ் வாசலில் விடியக்காலை வரிசையில் நின்ற எவருக்கும் அந்தப் பயம் தெரியும். அன்றைக்குக் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார்.

காலையில் கொவர்னாந்தேக்கு ஃபோன் எடுத்து மறுபடியும் பல் என்றேன். தியேட்டரின் பின்வாசலால் உள்ளே போனேன். வாசலில் இருந்தவருக்கு என்னைத் தெரியும், விட்டுவிட்டார். மேடை அம்மாவின் அறை மேல்மாடியில் நீண்ட தாழ்வாரத்தின் முடிவில். வெளியே ஆட்கள் இருக்க ஒரு மரவாங்கு. அந்த வாங்கில், கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகிற கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மேல்மாடி அக்கா இருந்தா.

நான் வாய் பிளந்து நின்றேன். அவ முகத்தை மறுபக்கம் திருப்பினா.

"என்ன பாக்கிறாய்? வீட்டிலை கரண்ட் இல்லை. அதுதான் வந்தனான்."

"தியேட்டருக்கோ?"

"சும்மா இரு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னா, "என்ரை கால் பெரிசு. என்ரை செருப்புத்தான் எல்லாத்திலும் பெரிசு. அவர் தடக்கினது அதிலைதான். எனக்குத் தெரியும்."

"இல்லை அக்கா, நான்தான் கடைசி..."

"முதல் கழட்டினது ஆர்? நான் கழட்டாட்டி நீங்கள் ஒருத்தரும் கழட்டியிருக்கமாட்டியள்."

நாங்கள் இப்படிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதே படியில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மன்னார் ஆட்கள், புருசனும் பெண்சாதியும். எங்களைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார்கள். பிறகு வெட்கத்தோடு வந்து வாங்கின் ஓரத்தில் இருந்தார்கள். களவாக வந்த நாலு பேர், ஒரே வாங்கில். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அக்கா தன் கைலேஞ்சியைத் தந்துவிட்டு, "இப்ப மூக்கைச் சீறாதை, உள்ளுக்குக் கேக்கும்" என்றா.

கதவைத் தட்டினோம். உள்ளே மேடை அம்மா மேசைக்குப் பின்னால் இருந்தா. சாமான்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். மேசையில் ஒரு கடதாசி. என்ன விசயம் என்று அம்மா கேட்டா. நாலு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். செருப்பு என்னுடையது, இல்லை என்னுடையது, கழற்றியது நான், அவர் ஒன்றும் செய்யவில்லை. அம்மா இரண்டு கையையும் தூக்கி எங்களை நிறுத்தினா.

"ஏன் கழற்றினீர்கள்? கழற்றச் சொல்லி யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. கோயில் என்றபடியால் கழற்றினோம் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிந்தது.

"அது ஒட்டுப்பலகை" என்றா அம்மா.

"ஓம், தெரியும்" என்று அக்கா தமிழிலேயே சொன்னா.

அம்மா ஃபோனை எடுத்து ஹோட்டலுக்கு அடித்து, பாடகரிடம் கதைத்தா. எங்கள் பெயர் எதுவும் சொல்லவில்லை. பதினான்கு பேர் உங்கள் கோயிலை நம்பிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னா. அதற்கு அவர் என்ன சொன்னாரோ, அம்மா மேசையில் கிடந்த கடதாசியை இரண்டாகக் கிழித்தா. இனி எல்லோரும் உடை மாற்றும் அறையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வரவேண்டும் என்றா. அன்றிரவு பாடகர் காலில் கட்டோடு பாடினார். சாமான்காரர் இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறார்.

பல் கதையை நானே அடுத்த நாள் கொவர்னாந்தேயிடம் உடைத்தேன். இரண்டு ஞாயிறு லீவை வெட்டினா. ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. வேலை தப்பியது.

ஆனால் அந்தக் காலையில் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது, எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அக்காவும் மற்றவர்களும் படியிறங்கிப் போய்விட்டார்கள். நான் நின்றுவிட்டேன். கேட்காமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. சாமான்காரர் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஒவ்வொரு காட்சிக்கும் முன் அந்த வழியை நடந்து பார்க்கிறவர் நீங்கள்" என்றேன். "அன்றைக்கு ஏன் பார்க்கவில்லை?"

"பார்த்தேன்" என்றார். "ரோர்ச்சோடு உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன். நீங்கள் ஒவ்வொருவராகக் கழற்றுவதைக் கண்டேன். எடுத்து ஓரமாக்க நேரமும் இருந்தது."

"அப்படியென்றால்?"

அவர் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நீங்கள் சாமி கும்பிடப் போகிறீர்கள் என்று நினைத்தேன், சிஞ்ஞோரா. கும்பிடப் போகிறவர்களின் செருப்பில் நான் எப்படிக் கை வைப்பேன்? அவர்களிடம் இதைச் சொன்னால், பிழை உங்கள் தலையில் விழும். அதனால் சொல்லவில்லை."

நான் அன்றைக்குக் கும்பிடவில்லை. விளக்கைச் சரியாகப் பிடிக்கிறேனா, சேலை அவிழ்கிறதா, பாடகர் இன்றைக்காவது என்னை அடையாளம் காண்பாரா என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாழ்வாரத்துச் சுவரோடு சாய்ந்து நின்று, அந்த மனிதருக்கு முன்னால், வாய்விட்டு அழுதேன்.